எம்.ஏ. ஆங்கிலம்: ஆய்வேட்டை வாங்க மறுத்தபோது

பாடங்கள், செமினார், தியரி பேப்பர் எல்லாம் வழக்கம்போலப் போயின. உயிரை வாங்கியது ஆய்வேடுதான், அதுவும் எழுதி முடித்த பிறகு.

"ஒப்புமை 90 சதவீதத்துக்கு மேல காட்டுது, வாங்க முடியாது" என்றார்கள் அலுவலகத்தில். எழுத்துத் திருட்டைத் தேடும் மென்பொருள், ஆய்வேடு ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண் அது. அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேலே இருந்த எண் ஒன்றே போதுமாக இருந்தது. முழு அறிக்கையைக் கேட்டு வாங்கி, மூலங்களின் பட்டியலைப் பார்த்தால் முதல் வரியிலேயே விஷயம் கிடைத்துவிட்டது: "மாணவர் சமர்ப்பிப்பு". துறையில் முன்னோட்டமாகச் சோதித்த இதே ஆய்வேட்டின் வரைவு அது. சோதித்தவர்கள் கோப்பை மென்பொருளின் சேமிப்பில் ஏற்றிவிட்டார்கள். இறுதிப் பிரதி அந்த வரைவோடு ஒத்துப்போகாமல் வேறு எதோடு ஒத்துப்போகும்?

முன்னோட்டச் சோதனைக்குக் கொடுக்கும்போதே "சேமிப்பில் ஏற்ற வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். மென்பொருளின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஏற்றிவிட்டார்கள் என்றால் இரண்டு வழி. அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கி அறிக்கையை மறுபடி எடுக்கச் சொல்லலாம். சேமிப்பிலிருந்து வரைவையே நீக்கச் சொல்லலாம். நீக்குவதற்கு மேலே அனுமதி வாங்க வேண்டும், நாளாகும். முதல் வழிதான் நல்லது. கடிதத்தில் ஆய்வேட்டின் தலைப்பு, வரைவு ஏற்றப்பட்ட தேதி, அறிக்கையில் உள்ள சமர்ப்பிப்பு எண், கைடின் கையெழுத்து நான்கும் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பிவிடுவார்கள். கடிதம் போன பிறகு எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் மூச்சே வந்தது!

இலக்கிய மாணவர்களுக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. நம் ஆய்வேடு மேற்கோள்களால் ஆனது. மேற்கோள்களை விலக்கும் வடிகட்டி பெரும்பாலும் மேற்கோள்குறிகளைத்தான் தேடும். எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) வகுத்த ஆய்வேட்டு எழுத்து முறையிலோ, உரைநடையில் நான்கு வரிக்கு மேலும் கவிதையில் மூன்று வரிக்கு மேலும் போனால் குறியே போடாமல் அரை அங்குலம் உள்தள்ளி எழுத வேண்டும். அதைப் பிடிஎஃப்பாக ஏற்றினால் உள்தள்ளல் கணக்கில் வராமல் போக வாய்ப்புண்டு. வேர்டு கோப்பாகவே கொடுங்கள். நூற்பட்டியலின் தலைப்பும் தனி வரியில், எழுத்துப் பிழையில்லாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டியல் முழுவதும் ஒப்புமையில் சேர்ந்துவிடும். எண்ணைக் குறைக்கிறேன் என்று மேற்கோளின் சொற்களை மட்டும் மாற்றாதீர்கள். இலக்கிய ஆய்வில் அதைவிடப் பெரிய தவறு இல்லை.

அடுத்து, பதிப்பு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மட்டும் கேட்பார்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் 1818 பதிப்பில் எலிசபெத், விக்டருக்கு அத்தை மகள். 1831 பதிப்பில் ரத்த உறவே இல்லாத வளர்ப்புப் பெண். குடும்ப உறவைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டு மேற்கோளை மற்ற பதிப்பிலிருந்து எடுத்தால் வாதமே சரிந்துவிடும். 'கிங் லியர்' நாடகத்தின் 1608 குவார்ட்டோவில் (சிறிய அளவுத் தனிப் பதிப்பு) உள்ள சுமார் 300 வரிகள் 1623 ஃபோலியோவில் (பெரிய அளவுத் தொகுப்பு) இல்லை. ஃபோலியோவில் மட்டும் சுமார் 100 வரிகள் கூடுதல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் எது எந்தப் பதிப்பு என்ற குறிப்பே இருக்காது, பக்க எண்ணும் இருக்காது. பதிப்பாசிரியர் பெயரோடு வந்த ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு, அதையே ஏன் எடுத்தோம் என்று முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் எடுத்த அன்றே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். வேறு யாராவது கேட்டால் பாதியிலேயே திருப்பித் தரச் சொல்வார்கள், அப்புறம் பதிப்பு விவரத்துக்கு அலைய வேண்டும்.

மொழியியல் அத்தியாயம் இருந்தால் அச்சகத்தில் கவனம். ஒலிக்குறிகள் கணினித் திரையில் அழகாக நிற்கும்; அச்சில் பார்த்தால் 'ஷ்வா' (ə) வர வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டம். டூலோஸ் எஸ்.ஐ.எல். போன்ற யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தி, பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்துக் கொடுங்கள். ஒலிக்குறிகள் நிறைந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் அச்செடுத்துப் பார்த்த பிறகு மற்றதைக் கொடுங்கள். ஒலியனுக்கு (சொற்பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு) சாய்கோடு, ஒலிக்குச் சதுர அடைப்பு என்பதையும் கடைசியாக ஒரு முறை சரிபாருங்கள், தட்டச்சில் இரண்டும் கலந்துபோயிருக்கும்.

ஓரம் எம்.எல்.ஏ.வில் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம். பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் கேட்டால் அலுவலகம் சொல்வதையே வையுங்கள், வாதாடிப் பயனில்லை. ஓரத்தை மாற்றியதும் பக்க எண்கள் நகரும். பொருளடக்கத்தைப் புதுப்பித்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.