நெட் பகுதி சி: கொலஸ்ட்ராலை உடைத்துப் படியுங்கள்

சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. "ஒரு கேள்வி வந்தால் அதிகம், விட்டுவிடுங்கள்" என்று பயிற்சி மையத்தில் கைகழுவிய தலைப்பு, செல்லின் கொலஸ்ட்ரால் சமநிலை. அந்த எரிச்சலில் அதையே பிடித்துக்கொண்டேன். யோசித்து விடை காண வேண்டிய பகுதி சி எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து ஒரு செல்லை வரைவேன். பிறகு பென்சிலால் ஒரு புரதத்தை அடித்துவிட்டு, மற்றவை என்ன ஆகும் என்று எழுதுவேன். அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாளிகளின் தோல் செல்களில் எல்டிஎல் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்) ஊற்றியும், கொலஸ்ட்ரால் உற்பத்தி நொதியான எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் அடங்கவில்லை. எல்டிஎல்லை உள்ளே இழுக்கும் ஏற்பியே பழுது. 1985இல் நோபல்.

அடிக்க வேண்டியவை:

- ஸ்கேப் (எஸ்ஆர்இபி-2ஐக் கூட்டிச்செல்லும் புரதம்): கொலஸ்ட்ரால் மரபணுக்களைத் தூண்டும் எஸ்ஆர்இபி-2, தான் முடுக்கப்படும் கோல்கிக்குப் போகாது. உற்பத்தி, எல்டிஎல் ஏற்பி இரண்டும் சரியும்.
- இன்சிக்: ஸ்கேப்பைப் பிடித்துவைக்க ஆளில்லை. ரிடக்டேஸும் சிதையாது. இரட்டை அடி, இதைப் பலர் பாதியோடு விடுகிறார்கள்.
- ஏபிசிஏ1 (கொலஸ்ட்ராலைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் புரதம்): டாஞ்சியர் நோய். எச்டிஎல் அடிமட்டம்.

லைசோசோமிலிருந்து (செல்லின் செரிமானப் பை) கொலஸ்ட்ராலை வெளியேற்றும் என்பிசி1-க்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். அதை அடித்தால், எல்டிஎல் உள்ளே வருகிறது, லைசோசோமில் எஸ்டர் உடைகிறது, விடுபட்ட கொலஸ்ட்ரால் வெளியேற வழியில்லை. கொலஸ்ட்ராலில் ஒட்டும் ஃபிலிப்பின் சாயமிட்டால் லைசோசோம்கள் பளிச்சென்று ஒளிரும். ஆனால் எஸ்ஆர்இபி-2 ஓயாது. கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்க, கடையில் இருப்பில்லை என்று மறுபடி லோடு கேட்பது போல. செல்லின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி வெளிச்சவ்வில் இருந்தாலும், அளவு பார்க்கும் ஸ்கேப் இருப்பது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில். அந்தச் சவ்வின் லிப்பிடுகளில் கொலஸ்ட்ரால் சுமார் 5 மோல் சதவீதத்தைத் தாண்டினால்தான் ஸ்கேப்புக்குப் பூட்டு விழும். "செல்லில் மொத்தம் எவ்வளவு" என்று யோசித்தால் விடை தவறும்.

நாலு பேராகச் சேர்ந்து உரக்கப் படிப்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. எனக்குப் பக்கத்தில் யாராவது முணுமுணுத்தாலே படிப்பு ஓடாது. பொதுத்திறன், கணக்கு வரும் பகுதி ஏ பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். கணக்கு தானாக வந்துவிடும், அதற்கு நான் படிக்கவில்லை.

கடைசியாக, ரிடக்டேஸைத் தடுக்கும் மருந்தான ஸ்டாட்டின். எஸ்ஆர்இபி-2 தூண்டப்பட்டு எல்டிஎல் ஏற்பி கூடும். கூடவே, அந்த ஏற்பியை அழிக்கும் பிசிஎஸ்கே9-உம் கூடும். இரண்டையும் ஒரே அம்புக்குறியிலிருந்து கிளை பிரித்து வரைந்து வையுங்கள்.