ராய்ச்சூரில் இறங்கினோம்

மும்பை மாதுங்காவில் நாங்கள் இருந்த வருடங்களில், கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் ரயில் ராய்ச்சூர் வழியாகத்தான் வரும். "ராய்ச்சூர் வந்தாச்சு, ஷட்டரை இறக்கு" என்பார் அப்பா. வெளியே அனல் காற்று வீசும். பிளாட்பாரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவருவார், வண்டி கிளம்பிவிடும். ஒரு தடவைகூட அந்த ஊரில் நாங்கள் இறங்கியதில்லை.

இந்த பிப்ரவரியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அவருக்கு 74 வயது. "இங்க என்னடா இருக்கு?" என்று கேட்டார். "இந்த ஊருக்காக இருநூறு வருஷத்துக்கு மேல அடிச்சுக்கிட்டாங்கப்பா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வரைபடத்தை ஒரு முறை பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். வடக்கே கிருஷ்ணா, தெற்கே துங்கபத்திரை, நடுவில் கரிசல் மண். கிருஷ்ணாவுக்கு அப்பால் பாமினி சுல்தான்கள், அவர்களுக்குப் பின் பீஜப்பூர். துங்கபத்திரைக்கு இப்பால் விஜயநகரம். இடைப்பட்ட இந்தத் துண்டு நிலம் யார் கையில் இருக்கிறதோ, அவருடைய குதிரைப்படை எதிராளியின் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலத்தின் பூட்டுதான் ராய்ச்சூர்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்கோட்டையின் மேற்கு மதில் இருக்கிறது. ஹார்ன் சத்தம், கரும்புச்சாறு வண்டி, இவற்றுக்கு நடுவே யானை யானையாகக் கற்கள். ஒவ்வொன்றையும் இழைத்து, இடையில் சுண்ணாம்பே வைக்காமல் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வரிசையில் ஒரே கல் 41 அடிக்கு மேல் நீளம். அதன் மீது தெலுங்குக் கல்வெட்டு. வாரங்கலிலிருந்து ஆண்ட காகதீயர் காலத்தில், 1294-ல், கோரெ கங்கய ரெட்டியின் ஆணைப்படி விட்டலநாதர் இந்தக் கோட்டையைக் கட்டினார் என்பது அதன் செய்தி.

கல்வெட்டைவிட என்னை நிறுத்தி வைத்தது அதன் அருகே மதிலில் கீறியிருக்கும் சித்திரம். அந்த நீளக் கல்லை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதைக் கோடுகளாலேயே வரைந்துவைத்திருக்கிறார்கள். ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கர வண்டி. முன்னால் நீண்ட வரிசையாக மாடுகள், சாட்டையோடு ஆட்கள். பின்னால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்புகிறவர்கள்.

அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அந்தச் சித்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நாங்களும் மெஷினை இப்படித்தான் நகர்த்துவோம். கடப்பாறை கொடுக்குறவன் நிக்கிற நிலை சரியா இருக்கு பாரு. வேலை செஞ்சவனைப் பக்கத்துல நின்னு பார்த்தவன்தான் இதை வரைஞ்சிருக்கணும்" என்றார். கட்டச் சொன்னவர், கட்டியவர் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. கல்லைத் தூக்கி வந்தவர்களின் உடம்பு இந்தச் சித்திரத்தில் இருக்கிறது.

கட்டி முடித்து இருபது வருடம்கூட ஆகவில்லை, டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் வந்தார். பிறகு பாமினி, விஜயநகரம், மறுபடி பாமினி என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1443-ல் விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயரின் படை வந்து முற்றுகையிட்டது. அவருக்குப் பின்னால் வந்த விஜயநகர அரசர் சாளுவ நரசிம்மர், ராய்ச்சூர் உட்பட மூன்று கோட்டைகளைப் பிடிக்க முடியாத ஏக்கத்தோடே கண்மூடினார் என்று எழுதிவைத்திருக்கிறார் நூனிஸ். 1530-களில் விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் அவர்.

அந்த ஏக்கம் கிருஷ்ணதேவராயர் வரை வந்தது. குதிரை வாங்கக் கொடுத்த 40,000 பொன்னோடு ஒரு வணிகர் பீஜப்பூர் எல்லைக்குள் ஓடிப்போனது சாக்காக அமைந்தது. 1520-ல், பீஜப்பூர் வசமிருந்த ராய்ச்சூரை நோக்கிப் படை கிளம்பியது. உள்ளே இருந்தவர்களின் ஏற்பாட்டையும் நூனிஸ் விவரிக்கிறார். சுண்ணாம்பில்லாத கல் மதில்கள் மூன்று சுற்று, உட்புறம் மண் நிரப்பியவை. கொத்தளங்கள் ஒன்றில் பேசுவது அடுத்ததில் கேட்கும் அளவுக்கு நெருக்கம். 8,000 வீரர்கள், 200 பெரிய பீரங்கிகள், கல்லெறியும் பொறிகள் 30. குன்றின் உச்சியில் வற்றாத ஊற்று. ஐந்து வருடத்துக்குத் தானியம்.

ராயரிடம் இந்த மதிலை உடைக்கும் பீரங்கி இல்லை. மனிதர்கள்தான் இருந்தார்கள். அவர்களைக் கடப்பாறையோடு மதிலடிக்கு அனுப்பினார்கள். மேலிருந்து குண்டும் கல்லும் அம்பும் விழ, ஆட்கள் செத்து விழுந்தார்கள். போக மறுத்தவர்களை இழுக்கத் தளபதிகள் ஒரு வழி செய்தார்கள். மதிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் கல்லின் அளவுக்குத் தக்கபடி காசு. பெரிய கல்லுக்குப் பெரிய தொகை.

இதை அப்பாவிடம் அங்கேயே சொன்னேன். அவர் கையைக் கல் இடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தார். "பூச்சு இல்ல. ஒரு கல்லை உருவிட்டா அடுத்தது அசையும். ஆனா முதல் கல்லை உருவுறவன் பிழைக்க மாட்டான்" என்றார். எனக்கு முதுகு சில்லிட்டது. இந்த ஊரின் கதையை நான் இதுவரை ராஜாக்களின் வரிசையாகவே படித்திருந்தேன். உயிரைப் பணயம் வைத்துக் கல்லைத் தூக்கி வந்து, அதைக் கீழே போட்டுவிட்டுக் காசுக்குக் கை நீட்டியவன் அன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தான்.

முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில் ஷா கிருஷ்ணாவைக் கடந்து வந்தார். மே மாதத்தில் நடந்த அந்தப் போரில் பீரங்கிகளின் முதல் வெடிப்பிலேயே விஜயநகர முன்வரிசை சிதறியது. ராயர் தம் மோதிரத்தைக் கழற்றிப் பணியாளிடம் கொடுத்து, நான் இறந்தால் ராணிகளிடம் காட்டு என்று சொல்லிவிட்டுக் குதிரையைச் செலுத்தினாராம். போர் திரும்பியது. பின்வாங்கிய படை ஆற்றில் விழுந்தது.

அதற்குப் பிறகும் கோட்டை விழவில்லை. கிறிஸ்டோவாவ் டி ஃபிகைரேடோ என்ற போர்த்துகீசியர் இருபது துப்பாக்கிக்காரர்களோடு வந்து, மதில்மேல் தலை காட்டியவர்களைக் குறிபார்த்துச் சுட்டார். அதன் பிறகுதான் கீழே இருந்தவர்களால் நிம்மதியாகக் கல்லைப் பெயர்க்க முடிந்தது. என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்த கோட்டைத் தலைவரின் நெற்றியில் குண்டு பாய்ந்தது. ஊர் சரணடைந்தது. யாருடைய உடைமையையும் தொடக் கூடாது என்று ராயர் உத்தரவிட்டார். அவரைப் பற்றி நாம் எத்தனையோ கதை கேட்டு வளர்ந்திருக்கிறோம். எனக்கு இந்த உத்தரவுதான் அவருடைய பெரிய செயலாகப் படுகிறது.

அவர் 1529-ல் இறந்தார். மறு வருடமே பீஜப்பூர் ராய்ச்சூரைத் திரும்பப் பிடித்தது. இழுபறி அத்துடனும் ஓயவில்லை, விஜயநகரத்தை வீழ்த்திய 1565 தலைக்கோட்டைப் போர் வரை நீண்டது. பின்பு முகலாயர், நிஜாம். 1853 முதல் ஏழு வருடம் ஆங்கிலேயரிடம், திரும்பவும் நிஜாமிடம். 1871-ல் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து வந்த தண்டவாளமும் இந்த ஊரில்தான் சந்தித்தன.

வெயில் தாழ்ந்ததும் ஒற்றை மினார் மசூதிக்குப் போனோம். 1513-ல் கட்டியது. 1520 முற்றுகையின்போது அந்த மினார் ஏழு வயதுக் கட்டடம். பின்பு குன்றேறினோம். அப்பா பாதிப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உச்சிக்குப் போனேன். கீழே ஆம் தலாப் ஏரியில் வெயில் தகதகத்தது. மதில் கோடுகள் வீடுகளுக்குள் புகுந்து, மறைந்து, திடீரென்று ஒரு கொத்தளமாகத் தலைகாட்டின. எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான நிலம். வருகிற படையை ஒரு நாள் முன்னதாகவே பார்த்திருப்பார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் அந்த ஒரு நாளில் என்னவெல்லாம் செய்திருப்பார்கள் என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை.

இரவு ரயில். ராய்ச்சூரை விட்டுச் சிறிது நேரத்தில் துங்கபத்திரைப் பாலம் வந்தது. படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து ஷட்டரைத் தூக்கினார். இருட்டில் தண்ணீர் தெரியவில்லை, பாலத்தின் இரும்புச் சத்தம் மட்டும். "அந்தக் கல்லு வண்டிக்கு மொத்தம் எத்தனை மாடுடா?" என்றார். எண்ணாமல் வந்துவிட்டேன்.