தேங்க்ஸ்கிவிங் மேசை

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்காவின் நன்றி சொல்லும் பண்டிகை. மேசை அலங்காரத்துக்கு இந்த வருஷமும் பிளாஸ்டிக் இலை, மினுமினுப்பு எதுவும் வாங்கவில்லை. நவம்பரில் மாசசூசெட்ஸ் தெருக்களே அள்ளித் தரும்போது எதற்கு?

மேசை நடுவில் வெட்டாத பூசணிகள். ஹாலோவீனுக்குச் செதுக்கியது சீக்கிரமே அழுகிவிடும். முழுசாக வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த, கெட்டியான மணிகள் கொண்ட ஃப்ளின்ட் மக்காச்சோளம். கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரே கதிரில் கருஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள், சாம்பல் நீலம். மணிகள் பளபளக்கும், பின்னால் மடக்கிய தோல் சரசரக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் காலங்காலமாகப் பயிரிட்ட வகை இது. 1621இல் பிளிமத் ஊரில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய, தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் அறுவடை விருந்தில் அவர்களும் இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, ஒரு கதிரைக் கையில் கொடுத்தாலே போதும்.

மேப்பிள் இலைகளைத் தடிமனான புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் காயவைத்தேன். சிவப்பு கொஞ்சம் மங்கும், ஆனால் அந்த மங்கலும் அழகுதான்.

ஓக் கொட்டைகளைப் பொறுக்கினால் அப்படியே கிண்ணத்தில் போடாதீர்கள், உள்ளே புழு இருக்கலாம். ஓவனில் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். அப்புறம், மெழுகுவர்த்தி ஏற்றுவதென்றால் காய்ந்த இலைகளிடமிருந்து நன்றாகத் தள்ளியே வையுங்கள்.