மூன்றாவது மாதச் சம்பளச் சீட்டு

காலை ஒன்பது மணிக்கு எங்கள் பயிற்சி மையத்து வாசலில் மேசை போட்டு விரல்ரேகைக் கருவியை எடுத்து வைப்போம். பிள்ளைகள் வரிசையில் வந்து விரலை அழுத்திவிட்டு உள்ளே போவார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் பதியவே பதியாது. பெருவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள். சிவப்பு விளக்குதான் எரியும். கமுதிப் பக்கத்துப் பெண். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். மூட்டம் பிரித்ததும் கரியைப் பொறுக்கி மூட்டை கட்டுவது அவள் வேலை. பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. மிச்சமிருந்த வெடிப்புகளிலும் கரி ஏறியிருந்தது.

வெந்நீரில் கை கழுவச் சொல்வோம். தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வோம். சில நாள் பதியும், சில நாள் பதியாது. பதியாத நாளில் அவள் முகம் சுண்டிப்போய்விடும். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வாள்.

அந்த விளக்கு பச்சையாக எரிவது எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்தது ராமநாதபுரம் மாவட்டத்தில், தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்கிற திட்டத்தில். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துவிட வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வயது வரை சலுகை உண்டு. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் வழியாக நடக்கிறது. நான் இருந்த காலத்தில் பயிற்சி நடத்தும் நிறுவனத்துக்கு மானியம் நான்கு தவணைகளில் வரும். வருகை பதிவானால்தான் பயிற்சி மணி நேரம் கணக்கில் ஏறும். மூன்று மாதப் பயிற்சிக்கு 576 மணி நேரம். அது முடிந்து, பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேராவது வேலைக்குப் போயிருக்க வேண்டும். வேலைக்குப் போனார் என்று கணக்கு வைக்க, தொடர்ந்து மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதற்குச் சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கு விவரமோ காட்ட வேண்டும்.

அந்த மூன்றாவது மாதச் சீட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஆள் சேர்க்கும் மொபிலைசராகத்தான் சேர்ந்தேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி ஒன்றியங்களில் ஊர் ஊராக பைக்கில் போவேன். வானம் பார்த்த பூமி. ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் முண்டு மிளகாய், மற்ற நாளெல்லாம் கரிமூட்டம். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் கடினம். வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாலும் அம்மாக்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, அங்க போயி புள்ளைக்கு முடியாம வந்தா யாரு பாப்பா?" நான் "நாங்க பாத்துக்கிறோம்மா" என்பேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் பயிற்சி முடிந்து திருப்பூர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய், அங்கே காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்கள் பட்ஜெட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பயிற்சி நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதுவரை தையல் இயந்திரத்தையே தொடாத பிள்ளைகள் இரண்டாவது மாதத்தில் சட்டைக் காலரை நெளிவில்லாமல் தைத்தார்கள். சீருடை, சாப்பாடு, விடுதி எல்லாமே மானியத்தில் வந்தன.

மையப் பொறுப்பாளராக ஆன பிறகு என் கையில் முடிந்த முதல் பேட்ச்சில் 24 பேரைத் திருப்பூருக்கு அனுப்பினோம். பஸ் ஏற்றிவிடும்போது ஊரே வந்து நின்றது. எட்டாவது வாரத்துக்குள் 11 பேர் திரும்பிவிட்டார்கள். ஒருத்திக்கு ஊரில் முளைப்பாரி; கும்பிட வந்தவள் திரும்பப் போகவில்லை. இரண்டு பேரை மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் பத்தவில்லை என்று வீட்டிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் சொன்ன காரணங்கள் இன்னும் சின்னவை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். ஒரு பெண் மாதவிடாய் நாளில் லீவு கேட்கக் கூச்சப்பட்டு, மயங்கி விழுந்து, அடுத்த நாளே ஊருக்கு வண்டியேறிவிட்டாள். தைக்கத் தெரியாமல் திரும்பியவள் ஒருத்திகூட இல்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்து "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தங்கியிருப்பார்கள் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேலைக்குப் போனவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையும் அப்போது திட்டத்தில் இருந்தது. ஆனால் வாளி, சோப்பு, விடுதி முன்பணம் என்று கையில் காசில்லாமல் தவிப்பது முதல் மாதத்தில். காகிதமெல்லாம் சரிபார்த்துப் பணம் கணக்கில் ஏறும்போது அந்த மாதம் போயே போயிருக்கும்.

24 பேரில் 13 பேர் மிஞ்சியதால் 70 சதவீதம் எட்டவில்லை. அடுத்த தவணை நின்றது. வந்த மானியத்தைச் செலவழித்துவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, ஆய்வுக்கு வந்து பார்த்தாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. தையல் ஆசிரியைக்கு நான்கு மாதம் சம்பளம் பாக்கி. அவர் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. அந்த நேரத்தில்தான் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வந்து, திரும்பி வந்த பிள்ளைகள் பெயரிலும் மூன்றாவது மாதச் சீட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். என் மேலதிகாரி உடனே மறுக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் முடியாது என்றேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆசிரியையின் சம்பளப் பாக்கி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தச் சீட்டை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டால், திரும்பி வந்த 11 பேரும் நல்லபடியாக வேலை பார்க்கிறார்கள் என்றல்லவா அரசாங்கம் நம்பிக்கொண்டிருக்கும்? அவர்கள் ஏன் வந்தார்கள் என்று அப்புறம் யாருமே கேட்க மாட்டார்கள்.

அடுத்த பேட்ச்சில் ஒன்று செய்தோம். எங்கள் விடுதி வார்டன் அக்காவைப் பிள்ளைகளோடு திருப்பூருக்கு அனுப்பி, முதல் ஆறு வாரம் கூடவே தங்கவைத்தோம். அதற்கு எந்தச் செலவினத் தலைப்பிலும் இடமில்லை. நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கச் சொல்லிக் கெஞ்சித்தான் வாங்கினேன். அக்கா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருப்பார். வாரம் இரண்டு நாள் தானே ரசம் வைப்பார். சூப்பர்வைசரிடம் போய் "அண்ணே, புள்ளைக இப்பத்தான் ஊர விட்டு வந்திருக்குக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். அந்த முறை போன 26 பேரில் 21 பேர் மூன்றாவது மாதச் சீட்டு வாங்கினார்கள்.

மானியம் தருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பேன். வகுப்பறைக்கு இத்தனை சதுர அடி, கேமரா இத்தனை என்று எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறோம். பிள்ளை ஊரைத் தாண்டிய பிறகு கூட இருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் எழுதவில்லை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து கைகொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982-ல் தொடங்கிய ருட்செட்டி நிலையத்தின் வழியில் வந்தவை அவை. அது சொந்தத் தொழிலுக்கான பயிற்சி, எங்களுடையது சம்பள வேலைக்கு. இருந்தாலும் அந்த ஒரு விதியை இங்கே கொண்டுவந்து, அதற்குக் கொஞ்சம் பணமும் ஒதுக்கினால் போதும்.

கமுதிப் பெண் இந்த இரண்டாவது பேட்ச்தான். திருப்பூர் போன ஏழாவது வாரம், அக்கா ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவளிடமிருந்து போன் வந்தது. ஊருக்கு வரப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"சார், இங்கயும் தெனமும் வெரல் வைக்கணும் சார். அக்காதான் இத்தன நாளா எண்ணெய் தேச்சு விட்டாக. நேத்து நானா வச்சேன். மொத தடவையே பச்ச லைட் எரிஞ்சிருச்சு!"