பல்லை அரைக்காமல் காவி போக்கிய கதை

என் மேல் முன்பற்கள் ஆறிலும் காவிக் கறை இருந்தது. ஓரங்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள், நடுவே குறுக்காக ஒரு மண்ணிறப் பட்டை, நடுப்பற்கள் இரண்டிலும் ஊசிமுனையளவு குழிகள். வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கத்தவருக்கு இது புதினமில்லை. வெளியூர்க்காரர்தான் கேட்பார்கள், "பல்லு ஒழுங்காத் தீட்டுறேல்லையோ?" என்று. காலையும் இரவும் தீட்டுகிறவளுக்குப் பல்லைவிட அந்தக் கேள்விதான் கூடக் கூசும்.

தங்கச்சியின் கல்யாணப் பேச்சு முடிவானதும் இந்தமுறை இதை விடுவதில்லை என்று இறங்கினேன். அதற்குக் காரணம் என் கல்யாண அல்பம். ஸ்ரூடியோக்காரத் தம்பி ஒரு சொல் கேட்காமல் எல்லாப் படத்திலும் என் பல்லுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். மாமி அதை வாற போற ஆட்களுக்கெல்லாம் விரித்துக் காட்டி "நல்ல வடிவா வந்திருக்கு" என்று சொல்லுவா. எனக்கு அதில் சிரிக்கிறவள் ஆர் என்றே தெரியவில்லை.

முதலில் போனது அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்கு. விடிய வெளிக்கிட்டு நம்பர் துண்டு எடுத்து, இருந்து, ஸ்கேலிங், அதாவது பல் சுரண்டித் துப்புரவாக்குவது, செய்துகொண்டேன். காசு ஒரு சதமும் இல்லை. பற்காறையும் தேயிலைக் கறையும் போனது. காவி அப்படியே நின்றது. சுற்றவர இருந்த ஊத்தை போனதால் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது என்றும் சொல்லலாம். "இது மேல படிஞ்ச கறை இல்லை ரீச்சர். பல்லு உருவாகேக்கையே உள்ளுக்கு வந்தது. புளோரோசிஸ்," என்றார் டொக்டர். பல் உருவாகிற வயதில் குடிதண்ணியில் புளோரைட் கூடினால் வருகிற கறை அது. அழகுக்கான வேலையை அங்கே கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கில் கன்னம் வீங்கின ஒரு ஐயாவும் இரவு முழுக்க நித்திரை இல்லாத ஒரு பிள்ளையும் எனக்குப் பின்னால் இருந்தார்கள்.

அடுத்துப் போனது ஒரு நகரத்துத் தனியார் கிளினிக்குக்கு. குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய திரை, திரையில் பளீரென்று சிரிக்கிற வெள்ளைக்காரர். வாயைத் திறந்து மூடுவதற்கிடையில் தீர்ப்பு வந்தது: ஆறு பல்லையும் அரைத்து கிரவுண், அதாவது பல்லை முழுக்க மூடுகிற உறை, போடலாம், கல்யாணத்துக்கு முதல் முடித்துத் தரலாம். சொன்ன விலையை ஆறால் பெருக்கிப் பார்த்தேன். ஆசிரியச் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை. காசை விட்டாலும் "அரைத்து" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வலியில்லை, சொத்தையில்லை, ஆட்டமில்லை. நிறம் சரியில்லை என்பதற்காக நல்ல பல்லைச் சுற்றவர அரைப்பதா?

பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கிற அக்கா ஒருவர்தான் வவுனியாவில் பின்னேரங்களில் பார்க்கிற ஒரு பெண் டொக்டரைச் சொன்னார். கிளிநொச்சியில் இருந்து ஏ-9 வீதியில் பஸ் எடுத்துப் போனேன். அவர் முன்பல்லை ஒருக்கால் பார்த்தார்; பிறகு கண்ணாடியைப் பின்பக்கம் விட்டு நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி: "அஞ்சு ஆறு வயசில நீங்கள் ஊர் மாறினீங்களோ?"

மாறினோம்தான். 1997 வைகாசியில் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் நெடுங்கேணியை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். எனக்கு அப்போது ஐந்து வயது. முல்லைத்தீவுக் கரையில் சின்னமாமி வீட்டில் போய் இருந்தோம். அடுத்த வருடம் தங்கச்சி பிறந்தது அங்கேதான்.

அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேற்படை, பிறந்ததில் இருந்து நாலைந்து வயது வரைக்கும் முரசுக்குள் இருந்தபடியே உருவாகி முடிகிறது. இரண்டாவது கடைவாய்ப் பற்களின் எனாமல் முடிய ஏழெட்டு வயதாகும். என் முன்பற்களில் கறை கடுமை. கடைசிப் பற்களில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். ஆகவே முதல் சில வருடம் குடித்த தண்ணியில் புளோரைட் கூட, பிறகு குடித்ததில் குறைவு. தங்கச்சியின் பல் ஏன் பால்வெள்ளை என்பதற்கும் பதில் கிடைத்தது. ஒரே அம்மா, ஒரே அப்பா, வேறு வேறு கிணறு. அவள் தன் பல்லழகு அம்மம்மாவின் பரம்பரை என்று இவ்வளவு காலமும் எனக்கு எடுப்புக் காட்டினவள்.

டொக்டர் சொன்ன திட்டம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் ஒழுங்கு. பல்லில் இருந்து ஆகக் குறைவாக எடுக்கிற வேலையை முதல் செய்வது. அது போதாவிட்டால் அடுத்தது. அதுவும் போதாவிட்டால்தான் அதற்கடுத்தது. போசிலின் வெனியர், அதாவது முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு, என்றால் பல்லின் முன்பக்கம் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை சீவவேண்டும். கிரவுண் என்றால் சுற்றவர, அதைவிடக் கூட. எனாமல் ஒருக்கால் போனால் திரும்ப வளராது. அரைத்த பல்லுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும். மூடிக்கும் ஆயுள் உண்டு, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றவேண்டி வரும். சொத்தையாலோ அடிபட்டோ பல் பெரிதாக உடைந்தவருக்குக் கிரவுண் அருமையான வைத்தியம். என்னுடையது அப்படியில்லை.

முதல் வேலை மைக்ரோ அப்ரேஷன், அமில ஜெல்லால் கறைபட்ட மேற்படையைத் தேய்த்தெடுப்பது. கதிரையில் சாய்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, சொண்டுக்கு வாஸ்லின் பூசி, பச்சை நிற ரப்பர் தாள் ஒன்றை முன்பற்கள் மட்டும் வெளியே தெரியிறமாதிரி மாட்டினார். ஜெல்லில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, முரசில் பட்டால் புண்ணாகும், அதற்குத்தான் இவ்வளவு ஆயத்தம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் பெட்டியை வாங்கி வாசித்தேன்: 6.6 சதவீதம், அதோடு சிலிக்கன் காபைட்டுத் துணிக்கைகள். அதைப் பல்லில் வைத்து, மெதுவாகச் சுற்றுகிற ரப்பர்க் கிண்ணத்தால் ஒரு நிமிடமளவு தேய்ப்பார், கழுவுவார், பார்ப்பார், திரும்ப வைப்பார். விறைப்பு ஊசி தேவைப்படவில்லை. நோவும் இல்லை, கற்கண்டு கடிபடுகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. மொத்தமாகப் போகிற எனாமல் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, கூடினால் இரண்டு. கடைசியில் புளோரைட் பூசி விட்டார். புளோரைட்டால் வந்த கறைக்குப் புளோரைட்டா என்று கேட்டேன். பல் உருவாகும்போது உடம்புக்குள் கூடப் போனால்தான் கறை, முளைத்த பல்லின் மேல் பூசினால் அது காவல் என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்ணிறம் பாதிக்கு மேல் மங்கியிருந்தது. ஆனால் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடத் துலக்கமாக நின்றன. நெஞ்சு திக்கென்றது. இதை டொக்டர் முதலே சொல்லித்தான் விட்டிருந்தார்: அவ்வளவு நேரம் எச்சில் படாமல் இருந்த பல் காய்ந்துபோய் வெளிறித் தெரியும், ஊறினால் அடங்கும், இரவில் கண்ணாடி பார்க்கவேண்டாம் என்று. அடுத்தடுத்த நாளில் அடங்கியது.

இரண்டாவது வெளுக்கும் வேலை. இதைத் தவணை லீவுக்கு ஒதுக்கினேன். பல்லச்சு எடுக்கும்போது ரோஸ் நிறப் பசை தொண்டைப் பக்கம் வழிய ஓங்காளம் வந்தது; மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு காற்பெருவிரலை ஆட்டச் சொன்னார், ஏனோ அது வேலை செய்தது. அந்த அச்சில் என் பல்வரிசைக்கு மட்டும் பொருந்துகிற மெல்லிய ஒளிபுகும் ட்ரே ஒன்று செய்து தந்தார்கள். இரவில் ஒவ்வொரு பல்லின் இடத்திலும் ஒரு சொட்டு ஜெல், 10 சதவீத காபமைட் பெரொக்சைட், வைத்து மாட்டிக்கொண்டு படுக்கவேண்டும். ஜெல்லைக் குளிரில் வைக்கவேண்டும் என்பதால் அது பிரிட்ஜில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் குடியேறியது.

கஷ்டம் சாப்பாட்டில். பிளேன்ரீ இல்லை, மஞ்சள் இல்லை, பீற்றூட் இல்லை, சோயா சோஸ் இல்லை. வெளுக்கிற நாட்களில் பல் நிறத்தை இலேசில் இழுக்குமாம். அம்மா மஞ்சள் போடாத சொதியும் வெள்ளைக்கறியும் வைத்து வைத்து அலுத்துப்போய், "பிள்ளைப்பெத்தவளுக்கும் நான் இப்பிடிப் பத்தியம் பார்க்கேல்லை," என்றா. பச்சைத் தண்ணி பட்டாலே பல் கூசியது. அப்படிக் கூசினால் ஒரு இரவு விட்டு ஒரு இரவு வைக்கச் சொன்னார். கூச்சத்துக்கென்று விற்கிற பொட்டாசியம் நைத்திரேற்றுப் பற்பசையையும் பாவித்தேன். சில வாரங்களில் பல்லின் நிறம் முழுக்க ஏறி, வெள்ளைத் திட்டுக்கும் மிச்சப் பல்லுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்தது. உண்மையில் திட்டு போகவில்லை, சுற்றம் அதன் நிறத்துக்கு வந்தது. எனக்கு அது போதும்.

ஏற்கெனவே நிரப்பின பல்லோ கிரவுணோ முன்பக்கம் இருக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஜெல் அவற்றை வெளுக்காது. சுற்றிலும் வெள்ளையாகி அது மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிற தாய்மாருக்கும் இது செய்வதில்லை.

மிஞ்சியது நடுப்பற்களின் குழிகளும் ஒரு கீற்று மண்ணிறமும். அதற்கு கொம்பசிற், பல் நிறத்தில் நிரப்புகிற பசை. வெளுத்த கையோடு அதை ஒட்டக்கூடாது. பல்லுக்குள் நிற்கிற ஒட்சிசன் பிடிப்பைக் கெடுக்கும், நிறமும் நிலைக்கவேண்டும். அதனால் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டியிருந்தது. நிறம் பார்ப்பதற்கு விளக்கை நிற்பாட்டிவிட்டு என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பல் வடிவச் சாம்பிள்களை ஒவ்வொன்றாக என் பல்லோடு வைத்துப் பார்த்தார். "ஆக வெள்ளையானதைப் போடுங்கோ டொக்டர்" என்று நான் சொல்ல, "பக்கத்துப் பல்லுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று சிரித்தார். தெரிந்தெடுத்தது ஒரு படி மங்கலானது. பல்லை 37 சதவீத பொஸ்போரிக் அமிலத்தால் ஒரு கணம் அரித்து, ஒட்டுத் திரவம் பூசி, பசையை மெல்லிய படைகளாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் நீல வெளிச்சம் பிடித்து இறுக்கினார். மினுக்குவதற்கு எடுத்த நேரம்தான் கூட. நாக்கால் தடவினால் குழி இருந்த இடம் தெரியவில்லை.

மூன்றும் சேர்ந்த செலவு அந்த ஆறு கிரவுணில் ஒன்றுக்குச் சொன்ன விலையை விடக் கூடத்தான், இரண்டின் விலைக்குக் கிட்ட வந்தது. கொம்பசிற் காலத்துக்கும் நிற்காது. சில வருடத்தில் நிறம் மங்கும், ஓரம் சிதறும். திரும்ப மினுக்கலாம், ஒட்டலாம். பனங்கிழங்கை முன்பல்லால் கடித்து இழுப்பதை விட்டுவிட்டேன், அது ஒன்றுதான் எனக்கு உண்மையான இழப்பு. ட்ரே பத்திரமாக இருக்கிறது, எப்போதாவது நிறம் இறங்கினால் ஜெல் மட்டும் வாங்கினால் சரி.

தங்கச்சியின் அல்பம் வந்தபோது ஸ்ரூடியோவுக்கு முதலே சொல்லி வைத்திருந்தோம், என் பல்லில் கைவைக்க வேண்டாம் என்று. உற்றுப் பார்த்தால் இடப்பக்க வேட்டைப்பல்லில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். நான் அதைத் தொடவேண்டாம் என்று விட்டது.

இதற்குப் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரியவர்களுக்கு நான் சொல்வது: உமிக்கரி, தேசிக்காயும் உப்பும், பேஸ்புக்கில் விற்கிற கரிப் பவுடர் எல்லாம் எனாமலைத் தேய்க்குமே தவிர உள்ளுக்குள் இருக்கிற கறையைத் தொடாது. அழகுநிலையத்தில் பல் வெளுக்கிறோம் என்றால் போகவேண்டாம். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரிடம் போங்கள். ஒரே நாளில் ஆறு பல், எட்டுப் பல் அரைக்கலாம் என்றால் இன்னொரு டொக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைகளின் விஷயம் வேறு. என் வகுப்பிலேயே காவிப் பல்லோடு சிலர் இருக்கிறார்கள். தாய்மார் இப்போதே வெளுக்கலாமா என்று கேட்கிறார்கள். வளர்ந்து முடியட்டும், அவசரமில்லை. அவசரம் வீட்டில் இருக்கிற கைக்குழந்தைக்குத்தான், அதன் முன்பல் இப்போதுதான் முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் கூட. பாறையில் இருந்து கரைந்து வருகிறது, ஆழமான குழாய்க்கிணறுகளில் பெரும்பாலும் இன்னும் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1 மில்லிகிராம். நிறமும் இல்லை, மணமும் இல்லை, கேத்திலில் படிகிற வெள்ளைப் படைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் காசு கட்டித் தண்ணியைச் சோதிக்கலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பற்பசை பட்டாணியளவு, அதைவிடச் சின்னதுக்கு அரிசியளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்வி, கொதிக்க வைத்தால் போகுமா என்பது. போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடும். தண்ணியால் சிறுநீரக நோய் வரும் என்ற பயத்தில் இப்போது கன பேர் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்துக் கானில் வாற தண்ணி எடுக்கிறார்கள், அதில் புளோரைட்டும் குறைகிறது. ஆனால் அதைப் பெரியவர்கள் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கஞ்சியும் பால்மாவும் கிணற்றுத் தண்ணியில் கரைக்கிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். மாற்றிச் செய்யுங்கள்: கான் தண்ணி முதலில் பிள்ளையின் கஞ்சிக்கும் பாலுக்கும், மிஞ்சினது எங்களுக்கு. குளிக்க, உடுப்புத் தோய்க்கக் கிணறு போதும்.