முப்பது ஆண்டுக்குக் குறையாமல்: பினாங்கு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

சட்ட உதவி கேட்டுப் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகனுடைய குற்றச்சாட்டுத் தாளை நான்காக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தாலும், மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 3ஏ பிரிவு என்பதைப் படிக்க முடிந்தது. அடகுக்கடைக்குள் கூட்டாளி சுட்டபோது இவர் மகன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான் என்பது வழக்கு. எவருக்கும் காயமில்லை.

"தூக்கை எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, ஐயா?"

கட்டாயத் தூக்குதான் நீங்கியது என்றேன். மீதியைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 5

அந்த மீதி இதுதான். 2023 ஜூலை 4 முதல் நீதிபதி மரண தண்டனை விதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை விதிக்காவிட்டால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும் கொடுத்தாக வேண்டும். சுட்டவனுக்கும், அவனிடம் துப்பாக்கி இருப்பதை அறிந்திருப்பான் என நியாயமாகக் கருதத்தக்க நிலையில் அவ்விடத்தில் நின்ற கூட்டாளிக்கும் அளவு ஒன்றே. தப்ப வேண்டுமானால், சுடுவதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுத்ததாகக் கூட்டாளியே நிரூபிக்க வேண்டும். வாசலில் நின்ற இருபது வயதுப் பையன் அதை எப்படி நிரூபிப்பான்?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 392-ஆவது பிரிவில், அதாவது கொள்ளைக் குற்றத்தில், குறைந்தபட்சச் சிறைக்காலம் என ஒன்றில்லை. ஆகவே, எந்தப் பிரிவில் குற்றஞ்சாட்டுவது என்று அரசுத் தரப்பு முடிவெடுக்கும் நேரத்திலேயே தண்டனையின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. திறந்த மன்றத்தில் காரணம் சொல்லித் தீர்ப்பளிக்க வேண்டிய நீதிபதிக்கு, தூக்கை விட்டால், எஞ்சுவது 30-க்கும் 40-க்கும் இடையிலான பத்தாண்டு இடைவெளி மட்டுமே.

ஆகஸ்ட் 9

30 ஆண்டுக் கீழ்வரம்பு கூடாது என்று நான் சொன்னதும், லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பர் கோபித்துக்கொண்டார். துப்பாக்கியை எதிரில் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும் என்றார். அந்தப் பயத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 40 ஆண்டு என்னும் மேல்வரம்பு அப்படியே இருக்கட்டும். கொடியவனுக்கு அதைக் கொடுக்க எந்த நீதிபதிக்கும் தடையில்லை. கீழ்வரம்பு கட்டிப்போடுவது, குற்றத்தில் குறைந்த பங்குள்ளவனை எடைபோடும் கையைத்தான்.

ஆகஸ்ட் 10

இதே பினாங்கில் 1977-இல், துப்பாக்கி வைத்திருந்ததற்காக 14 வயதுச் சிறுவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மன்னிப்பு அதிகாரம்தான் பிறகு அவன் உயிரைக் காத்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004-இல், துப்பாக்கியோடு கஞ்சா விற்ற இளைஞனுக்குக் கட்டாயக் கணக்குப்படி 55 ஆண்டு விதித்த நீதிபதி பால் கசெல், அத்தண்டனை அநியாயமானது என்று அதே தீர்ப்பில் எழுதினார். ஒவ்வொரு துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கும் தண்டனையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அந்தக் கணக்கை அந்நாடு 2018-இல் சட்டத் திருத்தத்தால் தளர்த்தியது.

ஆகஸ்ட் 12

சட்ட அமைச்சருக்கு அனுப்பவிருக்கும் மனுவில் மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறேன்: 3ஏ பிரிவின் 30 ஆண்டுக் கீழ்வரம்பை நீக்க வேண்டும், கூட்டாளி அறிந்திருந்தான் என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும், பிரம்படியைக் கட்டாயமாக்கக் கூடாது. பட்டர்வொர்த் அம்மாவும் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார்.