பழைய ரம்ப மில்லில் எது தேயலாம்?

பழைய ரம்ப மில்லைச் சரிசெய்கிறவர்களில் பலர், தேய்ந்த பாகத்தை இன்னும் கெட்டியான உலோகத்தில் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இரண்டு பாகங்கள் உரசினால் ஏதோ ஒன்று தேயத்தான் செய்யும், அது மலிவாகவும் சுலபமாக மாற்றக்கூடியதாகவும் இருக்கட்டுமே.

பென்சில்வேனியாவின் வேய்ன்ஸ்பரோவில் ஃபிரிக் கம்பெனி செய்த பழைய வட்ட ரம்ப மில்களைப் பாருங்கள். 56 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு கிட்டத்தட்ட 8,800 அடி ஓடும். அதைத் தாங்கும் ஷாஃப்ட் சுழல்வது வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் உருக்கி ஊற்றிய பேபிட்டில், அதாவது நம் பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்கிறோமே, அதில்தான். அமெரிக்காவில் ஐசக் பேபிட் 1839-ல் கொண்டுவந்த கலவை இது. ரம்ப ஷாஃப்டுக்கு நான் வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, செம்பு 3.5 சதவீதம் உள்ள ரகத்தைத்தான் எடுப்பேன், ஈயம் கலந்த மலிவு ரகம் மெதுவாக உருளும் மரத்தடி வண்டியின் அச்சுகளுக்குப் போதும். எண்ணெய் நின்றுபோனால் பேபிட் உருகி ஓடிவிடும், ஷாஃப்ட் பெரும்பாலும் தப்பிவிடும். அந்த இடத்தில் வெண்கலப் புஷ், அதாவது வெண்கலக் குழல், இருந்தால் ஷாஃப்டையே கீறிவிடும்.

ஊற்றும்போது கூட்டையும் ஷாஃப்டையும் முதலில் சூடாக்குங்கள், ஷாஃப்ட் மேல் புகைக்கரி படியவிட்டால் ஒட்டாது. உருகிய உலோகத்தில் பைன் குச்சியை விட்டால் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உலோகம் முகத்தில் தெறிக்கும், இதில் அலட்சியமே வேண்டாம்.

ரம்பம் அலையாமல் இருபக்கமும் நிற்கும் கைடு பின்களுக்கு எஃகு போடாதீர்கள், உரசித் தகடு சூடாகி ரம்பம் நெளிய ஆரம்பிக்கும். நல்ல மேப்பிள் கட்டை போதும், லிக்னம் வைட்டே கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருக்கிறது.

அப்புறம் மரத்தடி வண்டியை நகர்த்தும் ரேக்கில், அதாவது நீளப் பல் சட்டத்தில், பல் உடைந்திருந்தால், வார்ப்பிரும்பு மேல் சாதாரண எஃகு ராடால் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். சூடாக்கி, வெண்கலத்தால் பிரேசிங் செய்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். அதோடு ஓடும் சிறு பல்சக்கரமான பினியனைப் புதிதாக வெட்டினால் கடினப்படுத்தாத சாதாரண எஃகிலேயே வெட்டுங்கள். பினியனை எந்த லேத் பட்டறையிலும் மறுபடி செய்துகொள்ளலாம், அந்த நீள ரேக்குக்கு இன்று வார்ப்பு கிடைப்பதே கஷ்டம்.